கடலில் மிதக்கும் பலகையில் பிலாட்டீஸ்: போகலாமா?

"ஓராண்டாக வீட்டில் பாய் விரித்துப் பிலாட்டீஸ் உடற்பயிற்சி செய்து வருகிறேன். விடுமுறைக்குப் போகவிருக்கும் கடற்கரையில், நின்று துடுப்புப் போடும் மிதவைப் பலகையான பேடில்போர்டின் மேல் பிலாட்டீஸ் வகுப்பு நடத்துகிறார்களாம். சுமாராக நீந்துவேன். அவ்வப்போது கீழ்முதுகு வலிக்கும். போகலாமா? விழுந்துவிடுவேனா? தரையில் செய்வதைவிட வயிற்றுத் தசைகள் அதிகம் உறுதிப்படும் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். விழவும் கூடும், காற்றும் ஆழமும் சரியாக இருந்தால் அது சிரித்துக்கொண்டே ஏறிவிடக்கூடிய விழுதல்தான். மூன்றாவது கேள்விக்கான பதில் விளம்பரங்கள் சொல்வதைப் போல அவ்வளவு எளிதன்று. அதைப் பிறகு பார்ப்போம். பாயிலும் பலகையிலும் இந்தப் பயிற்சியைக் கற்பிப்பவன் என்ற முறையில் முதலில் சொல்ல விரும்புவது காற்றைப் பற்றி. புதிதாக வருபவர்கள் என்னென்ன பயிற்சிகள் இருக்கும், என்ன உடை அணிய வேண்டும் என்றெல்லாம் கேட்கிறார்கள். காற்று எந்தத் திசையில் அடிக்கும் என்று எவரும் கேட்பதில்லை. அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

பள்ளியில் படித்த நிலக்காற்றும் கடற்காற்றும் நினைவிருக்கும். இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். வெயில் ஏறி நிலம் சூடானதும் திசை மாறிக் கடலிலிருந்து கரைக்கு வீசும். பிற்பகலில் இது வலுத்து அலைகளைக் கிளப்பிவிடும். ஆகவேதான் இத்தகைய வகுப்புகளைப் பெரும்பாலும் காலையில் வைக்கிறார்கள். ஆனால் காலை நேரத்துக்கென்று ஒரு சூழ்ச்சி உண்டு. நிலக்காற்று கரையிலிருந்து புறப்படுவதால், கரையோரத்து நீரில் அலை எழுப்ப அதற்கு இடம் போதாது. கரையில் நின்று பார்த்தால் கடல் கண்ணாடிபோலத் தெரியும். அந்தக் காற்றேதான் பலகையைச் சத்தமில்லாமல் ஆழத்தை நோக்கித் தள்ளிக்கொண்டும் இருக்கும். கரையைவிட்டு விலக விலகக் காற்றின் பிடி கூடும். திரும்பி வருவதற்குத் துடுப்புப் போட வேண்டிய வலிமையும் கூடும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று சற்றேனும் வலுவாக இருந்தால், நீர் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் வகுப்பைத் தவிர்த்துவிடுங்கள். ஆசிரியர் "பரவாயில்லை, நங்கூரம் இருக்கிறது" என்று சொன்னாலும் எனக்கு அது போதாது.

வேகத்துக்கும் ஓர் அளவு சொல்கிறேன். மணிக்கு 10 கிலோமீட்டர் வரையிலான மென்காற்றில் புதியவர்கள் நிம்மதியாகப் பயிற்சி செய்யலாம். அதைத் தாண்டி 12 முதல் 19 கிலோமீட்டருக்குள் வரும்போது அலை முகடுகள் ஆங்காங்கே உடைந்து வெள்ளை நுரை தெரியத் தொடங்கும். எந்தக் கருவியும் வேண்டாம்: கடலில் வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அன்று பிலாட்டீஸுக்கான நாள் இல்லை.

அடுத்து, நங்கூரம். பலகைகளைச் சும்மா மிதக்கவிட்டு வகுப்பு நடத்துபவர்களும் இருக்கிறார்கள். அங்கே பாதி நேரம் துடுப்பைத் தேடுவதிலும் பக்கத்துப் பலகையைத் தள்ளிவிடுவதிலும் போய்விடும். முறையான வகுப்பில் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு சிறு நங்கூரம் இருக்கும், அல்லது எல்லாப் பலகைகளையும் ஒரே மிதவைக் கயிற்றில் இடைவெளிவிட்டுப் பிணைத்திருப்பார்கள். எந்த இடத்தில் பிணைத்திருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். முன்முனையில் பிணைத்தால் பலகை தானாகத் திரும்பி, அலையும் காற்றும் வரும் திசையைப் பார்த்து நிற்கும். அலை நீளவாக்கில் அடியில் ஓடிப் போகும். உங்களுக்கு மெல்லிய தாலாட்டுதான். நடுவில் பிணைத்தால் பலகை அலைக்குக் குறுக்கே கிடக்கும். ஒவ்வொரு சிற்றலையும் பக்கவாட்டில் கவிழ்க்கப் பார்க்கும்.

குறுக்கே வரும் அசைவு ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதற்கு எளிய இயற்பியல் காரணம் இருக்கிறது. பலகை ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் நீருக்குள் கூடுதலாக அமிழ்கிறது. அமிழ்ந்த பகுதியை நீர் மேலே தள்ளி நிமிர்த்துகிறது. இந்த நிமிர்த்தும் விசை நீளத்துக்கு நேர் விகிதத்தில்தான் கூடும். அகலத்துக்கோ அதன் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 32 அங்குல அகலப் பலகைக்குப் பதில் 36 அங்குலப் பலகையில் ஏறினால், நான்கே அங்குலம்தான் வித்தியாசம், ஆனால் பக்கவாட்டு நிலைப்பு ஏறத்தாழ 40 சதவீதம் உயர்ந்துவிடும். எனவே வகுப்பில் பலகையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தால் நீளமானதைத் தேடாதீர்கள். அகலமானதைக் கேட்டு வாங்குங்கள். வேகமாகச் செல்வதற்கென்றே செய்த ஒடுக்கமான, கூர்மூக்குப் பலகைகளை இதற்குத் தருகிறார்கள் என்றால், அந்த இடத்தில் உள்ளவர்களுக்குத் தொழில் தெரியவில்லை.

காற்றடைத்த பலகையா, கெட்டியான பலகையா என்ற வாதத்தில் நான் காற்றடைத்ததன் பக்கம். முழங்கால், முழங்கை, தாடை எதில் பட்டாலும் அடி குறைவு. ஆனால் அழுத்தம் போதிய அளவில் இருக்க வேண்டும். பெரும்பாலான பலகைகளுக்கு 12 முதல் 15 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) வரை குறிப்பிட்டிருப்பார்கள். அழுத்தம் குறைந்த பலகை நடுவில் தொய்ந்துவிடும். அதில் மல்லாந்து படுத்தால் இடுப்பு குழிக்குள் இறங்கி, முதுகெலும்பின் இயல்பான வளைவைக் காப்பது என்ற பிலாட்டீஸின் அரிச்சுவடியே அடிபட்டுப் போகும். கீழ்முதுகு வலி உள்ள நீங்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். பலகையின் நடுவில் முழங்காலிட்டுப் பாருங்கள். இரண்டு முனைகளும் மேலே எழும்பினால் இன்னும் காற்று அடைக்கச் சொல்லுங்கள்.

இனிப் பயிற்சிகளுக்கு வருவோம்.

ஜோசப் பிலாட்டீஸ் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டிருந்த காலத்தில் தம் முறையை வளர்த்தெடுத்தார். 1920-களில் நியூயார்க் சென்று பயிற்சிக்கூடம் நடத்தினார். தம் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி'. ஓர் அசைவை உடல் வீச்சில் முடித்துவிடாமல், தொடக்கம் முதல் இறுதிவரை தசைகளின் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதுதான் அதன் சாரம். நின்று துடுப்புப் போடும் இன்றைய பலகையோ ஹவாய்த் தீவுகளின் அலைச்சறுக்கு மரபிலிருந்து வந்து, 2000-களில் உலகெங்கும் பரவியது. இரண்டுக்கும் தொடக்கத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் அந்தக் 'கட்டுப்பாடு' என்பதைப் பலகைபோலக் கறாராகச் சோதிக்கும் ஆசிரியர் வேறு யாருமில்லை.

எடுத்துக்காட்டுக்கு, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பை உயர்த்தும் பாலப் பயிற்சி. பாயில் ஒரு காலை நீட்டும்போது அந்தப் பக்க இடுப்பு சற்று இறங்கினால் ஆசிரியர் பார்த்துச் சொன்னால்தான் தெரியும். பலகையில் அந்தக் கணமே அந்தப் பக்கம் சாய்ந்து காதருகே தண்ணீர் சளப்பென்று அடிக்கும். வலக்காலைத் தூக்கும்போது அசையாத பலகை இடக்காலைத் தூக்கும்போது ஆடினால், உங்கள் உடலின் இரண்டு பக்கங்களும் ஒன்றுபோல வேலை செய்யவில்லை என்று பொருள். ஓராண்டு பாயில் பழகியவருக்கு இந்த வகுப்பு தரக்கூடிய மிகப் பெரிய பயன் இதுதான் என்பது என் எண்ணம். கரைக்குத் திரும்பிய பின் எந்தப் பக்கம் கவனம் தேவை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எந்தப் பயிற்சி எளிது, எது கடினம் என்பதும் தரையில் இருப்பதைப்போல இருக்காது. நீளவாக்கில் எடை நகரும் பயிற்சிகளைப் பலகை பொறுத்துக்கொள்ளும். படுத்த நிலையிலிருந்து முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகச் சுருட்டி எழும் ரோல்-அப், கைகளை மேலும் கீழும் அசைத்தபடி ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து ஐந்து எண்ணிக்கைக்கு விடும் ஹண்ட்ரட், குப்புறப் படுத்துக் கை கால்களை மாற்றி மாற்றி உயர்த்தும் ஸ்விம்மிங் ஆகியவை நன்றாகவே வரும். கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்க் பார்ப்பதற்குப் பயமுறுத்தினாலும் கைகளையும் கால்களையும் சற்று அகலமாக ஊன்றினால் நிற்கும். பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுத்துக் காலை முன்னும் பின்னும் வீசும் பயிற்சிதான் வில்லன். பாயில் அது தொடக்கநிலைப் பயிற்சி. பலகையிலோ கால் வீசும் திசை அதன் அகலவாக்காக அமைந்துவிடுவதால் ஒவ்வொரு வீச்சும் கவிழ்க்கப் பார்க்கும். காலை முழுதாக வீசாமல் பாதியளவு வீசினால் போதும். முதுகில் பந்துபோல உருளும் பயிற்சியைப் பலகையில் செய்யச் சொல்லும் ஆசிரியரின் பேச்சைக் கேட்காதீர்கள். உருள்வது வீச்சால் நடப்பது, நேர்கோட்டில் நிற்காது; நடுவில் இருக்கும் கைப்பிடி முதுகெலும்பில் குத்தும்.

அந்தக் கைப்பிடி வேறொரு வகையில் உதவும். பலகையின் எடைச் சமநிலைப் புள்ளி அங்கேதான் இருக்கும். படுத்தாலும் அமர்ந்தாலும் உங்கள் இடுப்பு அதன் அருகே, ஆனால் நேர் மேலே வராமல், சற்றே தள்ளி இருக்கட்டும்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. ஆடும் பரப்பில் ஒரே அசைவைச் செய்யும்போது உடற்பகுதித் தசைகள் கூடுதலாகத் தூண்டப்படுகின்றன என்பது உண்மைதான். ஆய்வுகளும் இதைக் காட்டுகின்றன. அவையே இன்னொன்றையும் காட்டுகின்றன: நிலையற்ற பரப்பில் தசை வெளிப்படுத்தக்கூடிய உச்ச விசை குறைகிறது. உடல் தன் ஆற்றலின் ஒரு பங்கைக் கவிழாமல் இருப்பதற்கே செலவிடுகிறது. காலை உயர்த்தும் அளவும் குறைந்துவிடுகிறது. ஆகவே சமநிலை உணர்வும் மூட்டுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்னும் உணர்வும் வளர வேண்டுமென்றால் பலகை நல்லது. தசை வலிமை வேண்டுமென்றால் பாயும் பிலாட்டீஸ் கூடங்களின் சுருள்வில் கருவிகளும்தான். விளம்பரங்கள் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பெரிதாக எழுதுகின்றன.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பயந்த உடல் எல்லாத் தசைகளையும் ஒரே நேரத்தில் இறுக்கிக்கொண்டு மூச்சை அடக்கும். உதரவிதானம், அடிவயிற்றின் குறுக்குத் தசை, இடுப்புத் தளத் தசைகள் ஆகியவை மூச்சோடு இணைந்து இயங்குவதைத்தான் பிலாட்டீஸில் பழகுகிறோம். மூச்சடக்கி விறைத்திருந்தால் அதற்கு நேர் எதிரானதைப் பழகிக்கொண்டிருக்கிறீர்கள். எனவே பலகையில் ஏறியதும் முதல் ஐந்து நிமிடங்கள் எதுவும் செய்யாமல் படுத்து, விலாக்கள் பக்கவாட்டில் விரியும்படி மூச்சுவிடுவதோடு நிறுத்திக்கொள்ளும் வகுப்பே நல்ல வகுப்பு. பிலாட்டீஸை இதுவரை தொடாதவர்கள் நேராகக் கடலுக்கு வருவதை நான் ஊக்குவிப்பதில்லை. நீங்கள் ஓராண்டு பழகியிருப்பதால் அந்தக் கவலை இல்லை.

முதுகு வலியைப் பொறுத்தவரை, எப்போதாவது வந்து போகும் மந்தமான வலி தடையாகாது. வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, அண்மையில் தசைப்பிடிப்பால் படுத்த படுக்கையாக இருந்திருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் போகாதீர்கள். பிரச்சினை பயிற்சியால் வருவதைவிட, விழும் கணத்தில் உடல் திடீரென்று முறுக்கிக்கொள்வதால் வருவதே அதிகம். எலும்புப்புரை (எலும்பின் அடர்த்தி குறையும் நோய்) உள்ளவர்கள் முதுகைச் சுருட்டி எழும் பயிற்சிகளைத் தரையிலேயே தவிர்க்க வேண்டும். தலைச்சுற்றல் நோய், வலிப்பு, செவிப்பறைக் கிழிசல் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த வகுப்பு வேண்டாம் என்றே சொல்வேன்.

"சுமாராக நீந்துவேன்" என்று எழுதியிருப்பதை நான் கவலையோடுதான் படித்தேன். கால் தரையை எட்டாத நீரில் மல்லாந்து சில நிமிடங்கள் பதறாமல் மிதக்கவும், ஐம்பது மீட்டராவது நிற்காமல் நீந்தவும் முடிந்தால் வாருங்கள். முடியாதென்றால் முதலில் நீச்சல் குளத்தில் மிதவைப் பாய்களின் மேல் நடக்கும் வகுப்பைத் தேடுங்கள். சமநிலை உணர்வுக்கு அது கிட்டத்தட்ட அதே அளவு பயன் தரும். காற்றும் நீரோட்டமும் இல்லை. லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே என்று நினைக்கலாம். தடித்த ஜாக்கெட்டை அணிந்து குப்புறப் படுத்துப் பயிற்சி செய்ய முடியாது என்பதால் பல வகுப்புகளில் அதைக் கழற்றிப் பலகையிலேயே கட்டிவைக்கச் சொல்கிறார்கள். இடுப்பில் கட்டும் வகையோ, நீரில் விழுந்த பின் நீங்களே இழுத்து விரித்தால்தான் பயன்படும். பதற்றத்தில் அதை மறந்துபோகிறவர்கள் உண்டு.

கணுக்காலையும் பலகையையும் இணைக்கும் கயிற்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கழற்றக் கூடாது. பயிற்சிக்கு இடைஞ்சலாக இருக்கும்; சகித்துக்கொள்ளுங்கள். எதிர்பாராமல் இழுத்துச் செல்லப்பட்டால் அந்தப் பலகைதான் உங்கள் படகு. அதைவிட்டுக் கரையை நோக்கி நீந்தப் புறப்படுவதுதான் உயிரைப் பறிக்கும் தவறு. நின்றுகொண்டிருந்தால் உங்கள் உடலே பாய்மரமாகிவிடும் என்பதால், குப்புறப் படுத்துக் கைகளால் நீரைத் தள்ளுங்கள். முன்னேற முடியாவிட்டால் பலகையிலேயே இருந்து கைகளை உயர்த்தி அசைத்து உதவி கேளுங்கள்.

விழுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. சாயத் தொடங்கியதும் பலகையைப் பிடித்துக்கொள்ளப் போராடாமல் அதைவிட்டு விலகி, உடல் தட்டையாக நீரில் படும்படி விழ வேண்டும். தலைகீழாகவோ கால் நேராகவோ விழக் கூடாது. அடியில் எவ்வளவு ஆழம் என்று தெரியாது. வகுப்பு நடக்கும் இடம் நெஞ்சளவு ஆழமும் மணல் தரையுமாக இருந்தால் சிறப்பு. பாறையும் பவளமும் இருக்கும் இடத்தில் நங்கூரம் போட்டால் கிளம்பி வந்துவிடுங்கள். மீண்டும் ஏறுவதற்கு, பலகையின் நடுப்பகுதிக்குப் பக்கவாட்டில் வந்து, ஒரு கையால் கைப்பிடியைப் பற்றி, கால்கள் நீரின் மேற்பரப்புக்கு வரும்வரை உதைத்து, வயிறு பலகையில் படும்படி வழுக்கி ஏறுங்கள். கையால் மட்டும் ஊன்றி எழ முயன்றால் பலகை உங்கள் மேலேயே கவிழும். வகுப்பு தொடங்குமுன் ஒருமுறை வேண்டுமென்றே விழுந்து ஏறிப் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். நான் எல்லோரையும் இப்படித்தான் நனைத்துவிடுவேன். முடியை நனைக்காமல் திரும்பும் எண்ணத்தோடு வருபவர்களுக்கு என் மேல் கொஞ்சம் கோபம்.

நீர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் கடலென்றால் கதை வேறு. திடீரென்று விழும்போது உடல் தன்னிச்சையாகப் பெருமூச்சிழுக்கும். அந்தக் கணம் முகம் நீருக்குள் இருந்தால் ஆபத்து. முதல் ஓரிரு நிமிடங்கள் எதையும் சாதிக்க முயலாமல் மிதந்து, மூச்சு சீரான பிறகே பலகையில் ஏற வேண்டும். அத்தகைய நீரில் நீச்சலுக்கான வெப்பக்காப்பு உடை இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

குமட்டல் வருமா என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். நிற்கும்போதோ துடுப்புப் போடும்போதோ பெரும்பாலும் வருவதில்லை; மல்லாந்து படுத்திருக்கும்போதுதான் வரும். கண்ணுக்கு எதிரே வெறும் வானம், நிலையான எந்தப் புள்ளியும் இல்லை. உட்செவி ஆட்டத்தைச் சொல்கிறது, கண் எதையும் சொல்வதில்லை. அறிகுறி தெரிந்ததும் எழுந்து அமர்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். வயிறு நிரம்பச் சாப்பிட்டுவிட்டும் வரக் கூடாது, வெறும் வயிற்றோடும் வரக் கூடாது.

உடை எதுவானாலும் உடலோடு ஒட்டியிருக்கட்டும். வெயில்காப்புக் களிம்பை அரை மணி நேரம் முன்பே பூசி, உள்ளங்கைகளையும் பாதங்களையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள். களிம்புக் கையோடு பிளாங்க் செய்தால் வழுக்கும். முழங்காலின் பின்புறத்தையும் உள்ளங்காலுக்குச் சற்று மேலேயும் மறந்துவிடாதீர்கள், குப்புறப் படுக்கும்போது வெயில் அங்கேதான் விழும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு வாருங்கள்.

முன்பதிவு செய்யும்போது அவர்களிடம் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்: காற்று எத்தனை வேகத்தைத் தாண்டினால் வகுப்பை ரத்து செய்வீர்கள்? ஓர் ஆசிரியருக்கு எத்தனை பலகைகள்? நடத்துபவர் பிலாட்டீஸ் பயின்றவரா, கடலில் மீட்புப் பயிற்சி பெற்றவரா? இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அரிது. அப்படியானால் இரண்டு பேர் இருக்கிறார்களா என்று கேளுங்கள். முதல் கேள்விக்குத் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்கிறார்களென்றால் நம்பிப் போகலாம். "எங்கள் கடல் எப்போதும் அமைதியாகத்தான் இருக்கும்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

வகுப்பின் நடுவே பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறது என்று தோன்றினால் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, கைப்பிடிக்கு அருகே அமர்ந்து இரண்டு கால்களையும் பலகையின் இரு பக்கங்களிலும் நீருக்குள் தொங்கவிடுங்கள். பலகையில் இதைவிட நிலையான இருப்பு வேறில்லை. மற்றவர்கள் முடிக்கும்வரை அப்படியே இருக்கலாம். கைப் பயிற்சிகளை மட்டும் அங்கிருந்தே செய்யவும் செய்யலாம்.